ஹவுஸ்டெட்ஸ் ரோமானியக் கோட்டை: போனால் எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

அப்பா அம்மாவோடு நியூகாசில் வருகிறீர்கள், கையில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, இங்கிலாந்தின் வடக்கே ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரில் ஏதாவது ஒரு கோட்டையைப் பார்க்க ஆசை. ஆனால் படங்களில் முழங்கால் உயரத்துக்குக் கற்கள்தான் தெரிகின்றன, அதற்காக அம்மாவை முழங்கால் வலியோடு மேடேற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்றலாம். ஹவுஸ்டெட்ஸுக்கே போங்கள். இந்தப் பக்கம் குடிவந்து பல வருடமாகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் கூட்டிப்போவது அங்கேதான்.

படத்தைப் பார்த்து உங்களுக்கு வந்த சந்தேகம் நியாயமானது. கோட்டை என்றதும் நம் மனதில் செஞ்சியோ வேலூரோ வந்து நிற்கிறது. அந்த உயரத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் பத்து நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, சுவரோரம் நின்று நாலு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். ஹவுஸ்டெட்ஸைப் போர்க்கோட்டையாகப் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். எண்ணூறு பேர் தங்கி, தின்று, குளித்து, காய்ச்சலில் படுத்து, குளிரில் நடுங்கிக் குடித்தனம் நடத்திய இடமாகப் பார்த்தால் ஒரு நாள் போதாது. தண்ணீர் எங்கிருந்து வந்தது, தானியம் எப்படிக் கெடாமல் இருந்தது, கழிவு எங்கே போனது என்ற மூன்று கேள்விகளை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு உள்ளே நுழையுங்கள். அந்த முழங்கால் உயரக் கற்கள் மூன்றுக்கும் பதில் சொல்லும்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். கி.பி. 122இல் பேரரசர் ஹேட்ரியன் பிரிட்டனுக்கு வந்தபோது தொடங்கிய வேலை இந்தச் சுவர். கிழக்கே டைன் ஆற்றங்கரை வால்ஸெண்டிலிருந்து மேற்கே சால்வே கழிமுகம் வரை ஏறக்குறைய 117 கிலோமீட்டர். ஆளுநர் பிளடோரியஸ் நேப்போஸின் மேற்பார்வையில் மூன்று லீஜியன்கள், அதாவது ரோமானியப் பெரும்படைகள், கட்டின. இதுதான் ஸ்காட்லாந்து எல்லை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சுவர் முழுக்க முழுக்க இங்கிலாந்துக்குள்தான் இருக்கிறது. ஹவுஸ்டெட்ஸ் அதன் நடுப்பகுதியில், நார்த்தம்பர்லாந்தில், வின் சில் என்ற கருங்கல் மேட்டின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. வடக்கே செங்குத்தான சரிவு. தெற்கே மெதுவாக இறங்கும் புல்வெளி. ரோமானியர் காலத்தில் இதற்கு வெர்கோவிசியம் என்று பெயர். பரப்பு சுமார் 5 ஏக்கர். சீட்டுக்கட்டில் ஒரு சீட்டைப் போல நீள்சதுரம், மூலைகள் மட்டும் வளைந்திருக்கும். மேட்டின் மேல் அகலமான இடம் கிடையாது என்பதால் கோட்டையைச் சுவரோடு நீளவாட்டில் படுக்க வைத்திருக்கிறார்கள்.

கீழே வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து மேலே போக ஏறக்குறைய 800 மீட்டர். முதலில் இறக்கம், பிறகு ஏற்றம். நல்ல பாதைதான், ஆனால் ஏற்றம் ஏற்றமே. அம்மாவுக்கு ஒரு கைத்தடியும் நடுவில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்க நேரமும் கொடுங்கள். நடக்கவே முடியாதவர்களுக்கு மேலே அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் வண்டி கொண்டுபோய் நிறுத்த வழி செய்து தருகிறார்கள். புறப்படும் முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மேலே போனதும் எல்லாரும் செய்யும் தவறு, நேராக உச்சிக்குப் போய்ச் சுவரைப் பார்ப்பது. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சிறிய அருங்காட்சியகத்துக்குள் கால்மணி நேரம் போங்கள். கோட்டையின் மாதிரியைப் பார்த்துவிட்டால் வெளியே எந்தக் கல் எந்த வீட்டுடையது என்று குழப்பம் வராது. அங்கே ஒரு சின்னக் கல்லில் முக்காடு போட்ட மூன்று குள்ளத் தெய்வங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே இறங்கும் கனத்த போர்வை, அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் மூன்று முகங்கள். அந்த மேட்டில் அரைமணி நேரம் காற்றில் நின்றுவிட்டு வந்து பாருங்கள், ஏன் தெய்வத்துக்கும் போர்வை போர்த்தினார்கள் என்பது புரியும்.

பிறகு தெற்கு வாசல். அதற்கு வெளியே சரிவில் தெரியும் அடித்தளங்கள் கோட்டையைச் சேர்ந்தவை அல்ல. கோட்டையை நம்பி வாழ்ந்த ஊர். கடை வைத்திருந்தவர்கள், கைத்தொழில்காரர்கள், வீரர்களின் குடும்பங்கள் என்று ஒரு சிறு ஊரே அங்கே இருந்திருக்கிறது. 1930களில் தோண்டியபோது ஒரு வீட்டின் பின்னறையில், களிமண் தரைக்கு அடியில் இரண்டு எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஒன்றின் விலா எலும்புகளுக்கிடையே ஒடிந்த கத்திமுனை இருந்தது. ரோமானியர் பிணத்தை ஊருக்கு வெளியேதான் புதைக்க வேண்டும். வீட்டுக்குள் புதைத்து மேலே தரை மெழுகினால் அது மறைக்கப்பட்ட கொலை. அந்த அடித்தளத்தை இன்றும் கொலை வீடு என்றே சொல்கிறார்கள்.

அதே தெற்கு வாசலை ஒட்டி ரோமானியர் காலத்துக்கு வெகு பின்னால் கட்டிய இன்னொரு வீட்டின் சுவரும் தெரியும். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இந்த எல்லைப்புறம் மாடு திருடும் கூட்டங்களின் கையில் இருந்தது. ஆர்ம்ஸ்ட்ராங் குடும்பத்தார் இங்கே குடியிருந்தார்கள். கீழே மாடு, மேலே மனிதர் என்று கட்டிய கெட்டியான வீடு அது. 1599இல் வரலாற்றறிஞர் வில்லியம் கேம்டன் சுவரைப் பார்க்க வந்தபோது கொள்ளையருக்குப் பயந்து இந்தப் பகுதியை விட்டுவிட்டுப் போனார். சுவரின் கிழக்குப் பகுதியில் வேறு கதை. 1745இல் அரசுக்கு எதிராக எழுந்த ஜாகோபைட் கலகத்துக்குப் பிறகு படைகள் வேகமாகப் போக ஒரு சாலை போட்டார்கள்; மைல் கணக்கில் சுவரை இடித்து அந்தக் கல்லையே அடியில் பரப்பினார்கள். நீங்கள் வரப்போகும் பி6318 சாலை அதுதான். இங்கே சுவர் மேட்டின் உச்சியில் இருந்ததால் அந்தச் சாலையால் ஏறிவர முடியவில்லை. பிறகு 1838இல் ஜான் கிளேட்டன் என்ற நியூகாசில் வழக்கறிஞர் இந்தப் பண்ணையை விலைக்கு வாங்கினார். சுவர்க்கல் பண்ணைவீடுகளுக்குப் போகாமல் தடுக்க அவர் ஒவ்வொரு நிலமாக வாங்கிச் சேர்த்தவர். விழுந்து கிடந்த கற்களைச் சாந்து இல்லாமல் அடுக்கி மேலே புல்தரை போர்த்தினார். படங்களில் நீங்கள் பார்த்த, தலையில் புல் முளைத்த சுவர் பெரும்பாலும் அவர் அடுக்கியது. அதைப் போலி என்று சிலர் குறை சொல்வார்கள். அவர் இல்லாவிட்டால் அந்தக் கல் ஏதோ ஒரு தொழுவத்தின் சுவரில் இருந்திருக்கும் என்பதால் எனக்கு அவர்மேல் நன்றி மட்டுமே இருக்கிறது.

இனி கழிப்பறை. தென்கிழக்கு மூலைக்குப் போங்கள். கோட்டையிலேயே தாழ்வான இடம் அது. பிரிட்டனில் எஞ்சியிருக்கும் ரோமானியக் கழிப்பறைகளில் இவ்வளவு தெளிவாகத் தெரிவது வேறில்லை என்பேன். இரண்டு பக்கமும் ஆழமான கால்வாய். அதன் மேல் துளையிட்ட மரப்பலகை இருந்தது, வீரர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். தடுப்பு கிடையாது. நடுவில் கல் பாவிய தரை. அந்தத் தரையில், உட்கார்ந்தவர் காலடியில் ஓடும்படி, ஒரு சிறிய வாய்க்கால் கல்லிலேயே குடைந்திருக்கும். துடைத்துக்கொள்ள வைத்திருந்த, குச்சியில் கட்டிய கடற்பஞ்சை அலசிக்கொள்ள அது.

இந்த இடத்தில் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். மேட்டின் மேல் ஓடை கிடையாது. கூரையில் விழும் மழைநீரையும் சரிவில் வழியும் நீரையும் பிடித்துக் கல் தொட்டிகளில் சேர்த்தார்கள். அப்படி ஒரு பெரிய தொட்டி கழிப்பறைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, ஒன்றோடொன்று பொருந்தும் பக்கத்தில் பள்ளம் வெட்டி, அந்த இடைவெளியை ஈயம் ஊற்றி அடைத்திருக்கிறார்கள். தொட்டி நிறைந்து வழியும் நீர் கழிப்பறைக் கால்வாயில் பாய்ந்து, எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு கோட்டைச் சுவரின் அடியில் வெளியேறிவிடும். கழிப்பறையை ஏன் தாழ்ந்த மூலையில் வைத்தார்கள் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கோட்டைக்குள் இருக்கும் இன்னொரு தொட்டியின் விளிம்பு அலையலையாகத் தேய்ந்திருப்பதைப் பாருங்கள். வாள் தீட்டியதால் தேய்ந்தது என்பார்கள் சிலர். துணி துவைத்துத் தேய்ந்தது என்பார்கள் சிலர். நம்மூர்த் துவைகல்லைப் பார்த்து வளர்ந்த எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. உங்கள் அம்மாவிடம் கேளுங்கள்.

அங்கிருந்து சரிவில் ஏறினால் நடுவில் தானியக் கிடங்குகள். வரிசையாகக் குட்டிக் கல்தூண்கள் நட்டுவைத்தது போல இருக்கும். முதலில் பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது. அவை தரையைத் தாங்கிய கால்கள். தரையைத் தூக்கிக் கட்டி, சுவரின் அடியில் காற்றுப் போக ஓட்டை விட்டு, கீழே எப்போதும் காற்று ஓடும்படி செய்திருக்கிறார்கள். மழையும் ஈரமும் ஓயாத நாட்டில் தானியம் பூஞ்சை பிடிக்காமல், எலி ஏறாமல் இருக்க இதுவே வழி. வெளிச்சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் கற்கட்டுகள் கூரையின் கனத்தையும் உள்ளேயிருக்கும் தானியத்தின் அழுத்தத்தையும் தாங்க வைத்த முட்டுகள்.

பக்கத்தில் தலைமையகம், தளபதியின் வீடு, மருத்துவமனை. தலைமையகத்தை விரைவாகக் கடந்துவிடலாம். தளபதி வீட்டில் மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள். நடுவில் திறந்த முற்றம், நான்கு பக்கமும் அறைகள். வெயில் காயும் மத்தியதரைக்கடல் ஊர்களுக்கு ஏற்ற வீடு அது. அதை அப்படியே தூக்கிவந்து, வருடத்தில் பாதிநாள் பனியும் தூறலுமாக இருக்கும் ஒரு சரிவில் கட்டி, குளிர் பொறுக்காமல் ஓர் அறையின் தரைக்கு அடியில் சூடான காற்று ஓடும்படி செய்துகொண்டிருக்கிறார்கள். வந்த ஊர் எதுவானாலும் நம் வீடு நம் வீடு மாதிரிதான் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் அந்தக் கற்களில் தெரிகிறது. அயலூரில் குடியிருக்கும் நமக்கு அது அந்நியமான உணர்வு இல்லை.

வடகிழக்கில் படைவீரர்களின் வரிசை வீடுகள். ஓர் அறைக்கு எட்டுப் பேர் என்பது ரோமானியப் படையின் வழக்கமான கணக்கு. நாம் லைன் வீடு என்போமே, ஆரம்பத்தில் அப்படி ஒரே கூரையின் கீழ் நீளமாக இருந்தவை. பிற்காலத்தில் குறுகிய சந்து விட்டுத் தனித்தனி வீடுகளாக மாற்றியிருக்கிறார்கள். இப்போது தெரிவது அந்தப் பிற்கால அமைப்பு.

இங்கே இருந்தவர்கள் இத்தாலிக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் காட்டும் படை முதலாம் துங்ரியப் படைப்பிரிவு. இன்றைய பெல்ஜியப் பக்கத்தில் திரட்டப்பட்டது. பிறகு இன்றைய நெதர்லாந்துக் கரையிலிருந்து ஃப்ரீசியக் குதிரைவீரர்களும் சேர்ந்தார்கள். இதே துங்ரியப் படை, சுவர் கட்டும் முன்பே, சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வின்டோலண்டா கோட்டையில் இருந்தது. அங்கே ஈரமண்ணில் புதைந்து அழியாமல் கிடந்த மெல்லிய மரச்சீவல் ஏடுகளை 1973இல் ராபின் பர்லி கண்டெடுத்தார். மையால் எழுதியவை. பின்னால் கிடைத்த அத்தகைய ஓர் ஏட்டில் இந்தப் படையின் ஒரு நாள் கணக்கு இருக்கிறது. மொத்தம் 752 பேர். அதில் 456 பேர் வெளியூரில், 337 பேர் கோரியா என்ற இன்னொரு முகாமில் மட்டும். கோட்டையில் இருந்தவர்கள் 296 பேர். அவர்களிலும் 31 பேர் வேலைக்கு ஆகாதவர்கள்: நோயாளிகள் 15, காயம்பட்டவர்கள் 6, கண்நோய் வந்தவர்கள் 10. கோட்டை முழுக்க வீரர்கள் வேலோடு நிற்பதாக நாம் கற்பனை செய்யும்போது, அந்த ஏடு சொல்வது பாதிக்கு மேல் காலியான வீடுகளையும் கண் சிவந்து படுத்திருக்கும் பத்துப் பேரையும்.

வின்டோலண்டா ஏடுகளில் நமக்குச் சொந்தமான ஒரு பொருளும் வருகிறது. ஒரு கணக்கு ஏட்டில் கம்பாக்ஸ் என்பவன் பேருக்கு நேரே மிளகு, 2 தினாரி என்று எழுதியிருக்கிறது. அந்தக் காலத்து மிளகு மேற்குக்கரையிலிருந்து, சேரர் துறைமுகமான முசிறி போன்ற இடங்களிலிருந்து யவனர் கப்பலில் போனது. பொன்னைக் கொண்டுவந்து கறியை (மிளகை) கொண்டுபோனார்கள் என்று சங்கப் பாடல் சொல்லும் வணிகம்தான். பேரரசின் வடகோடியில், தூறலில் நனைந்த ஒரு சாதாரண வீரன் கஞ்சியிலோ கறியிலோ அந்த மிளகைத் தூவிக்கொண்டான். அப்பாவுக்கு இதைச் சொல்லுங்கள். வின்டோலண்டாவுக்கும் போக வேண்டும் என்று அவரே கேட்பார். நேரம் இருந்தால் போங்கள். ஒரே நாளில் இரண்டும் முடியும், ஆனால் அம்மாவின் காலைப் பொறுத்தது.

இப்போது உச்சிக்குப் போகலாம். வடக்கு வாசலில் நின்றால் கீழே நிலம் சட்டென்று விழுவது தெரியும். அவ்வளவு செங்குத்தில் எதற்கு வாசல் என்று தோன்றும். முன்பு அங்கே மண்சரிவுப் பாதை இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் தோண்டியபோது அதை எடுத்துவிட்டார்கள். அதனால்தான் வாசலின் அடித்தளக் கற்கள் இவ்வளவு பெரிதாக வெளியே தெரிகின்றன. வாசல்களில் கதவுக்குடுமி சுழன்ற குழிகளைத் தேடிப் பாருங்கள். கோட்டைக்குள், வடக்குச் சுவரை ஒட்டி, ஒரு சிறிய சதுர அடித்தளம் உண்டு. முதல் திட்டத்தில் இங்கே கோட்டையே இல்லை, காவல்கோபுரம் மட்டும்தான். அதைக் கட்டிய சில வருடத்திலேயே மேலிடத்தில் முடிவு மாறி, கோபுரத்தை இடித்துவிட்டு அதன் மேலேயே கோட்டையைக் கட்டினார்கள். பாதியில் வரைபடத்தை மாற்றும் வழக்கம் 1,900 வருடத்துக்கு முன்பே இருந்திருக்கிறது.

கிழக்கு வாசலை விட்டுவிடாதீர்கள். அதன் வாசற்கல்லில் வண்டிச் சக்கரம் ஓடி ஓடிப் பதிந்த தடம் இருக்கிறது. விரலை வைத்தால் உள்ளே இறங்கும். இந்தத் தடங்களுக்கிடையே உள்ள அகலம்தான் இன்றைய இங்கிலாந்து ரயில்பாதையின் அகலம் என்று ஒரு கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ரயில் பொறியாளர் ஜார்ஜ் ஸ்டீபென்சன் அந்த அளவை எடுத்தது இந்தப் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்களின் குதிரைவண்டிப் பாதைகளிலிருந்து. ஒரு குதிரை இழுக்கும் வண்டி எந்தக் காலத்திலும் ஏறக்குறைய அதே அகலம்தான் இருக்கும். அதற்கு மேல் அந்தக் கதையில் ஒன்றுமில்லை.

மேற்குப் பக்கம் ஒரு சிறு தோப்பு வழியாகச் சுவர் போகிறது. அங்கே மட்டும் சுவரின் மேலேயே நடக்கலாம். மற்ற இடங்களில் ஏறாதீர்கள், கல் உதிர்ந்துவிடும். அரைக் கிலோமீட்டருக்குள் ஒரு சிறு காவல்வீடு வரும். 37ஆம் எண் மைல்கோட்டை. அதன் வடக்கு வாசலில் வளைவின் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது. அம்மாவை அங்கே வரை அழைத்துப்போனால் போதும். அதற்கு மேல் மேடும் பள்ளமுமாகப் பாதை மாறிவிடும்.

போக்குவரத்து: நியூகாசிலிலிருந்து ஹெக்ஸாமுக்கு ரயில், அங்கிருந்து சுவரை ஒட்டி ஓடும் ஏடி122 பேருந்து. சுவர் தொடங்கிய வருடத்தையே எண்ணாக வைத்திருக்கிறார்கள். எல்லா மாதமும் ஒரே மாதிரி ஓடாது, நாளுக்குச் சில நடைதான்; கடைசிப் பேருந்து நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். காப்பிக்கடை கீழேதான்; மேலே போகும்போது தண்ணீரும் பிஸ்கட்டும் பையில் இருக்கட்டும். ஜூலையானாலும் காற்றைத் தடுக்கும் மேல்சட்டை எல்லாருக்கும் வேண்டும். குடை வேண்டாம், காற்று பிடுங்கிவிடும். ஈரத்தில் கல் வழுக்கும், செம்மறிகள் மேயும் புல்லில் எச்சம் கிடக்கும், எனவே செருப்பு சரிப்படாது.

மருத்துவமனையைப் பற்றி மேலே சொல்லாமல் வைத்திருந்தேன். கோட்டையின் நடுவில், தலைமையகத்துக்குப் பின்னால், முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த கட்டடம் அது. அதைப் பார்த்த பிறகு, மாலையில் நியூகாசில் திரும்பியதும், கிரேட் நார்த் மியூசியம் திறந்திருந்தால் ரோமானியப் பகுதிக்கு மட்டும் போங்கள். முடியாவிட்டால் மறுநாள் காலை ஊர் திரும்பும் முன் போங்கள். ஹவுஸ்டெட்ஸில் கிடைத்த ஒரு கல்லறைக் கல் அங்கே இருக்கிறது. முதலாம் துங்ரியப் படையின் மருத்துவன் அனிசியஸ் இன்ஜெனுவஸ், வாழ்ந்தது 25 வருடம் என்று அதில் வெட்டியிருக்கிறது. அந்த எழுத்துகளுக்கு மேலே ஒரு சின்ன முயலைச் செதுக்கியிருக்கிறார்கள்.